கழுவத் தெரியாதவர்கள்

தமிழில் எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. 'போச்சு' என்பதுதான் அது. விழுந்ததைக் குனிந்து எடுப்பதற்கு முன்பே, உடைந்ததைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன்பே அது நம் வாயிலிருந்து புறப்பட்டுவிடுகிறது. நாலு பேர் கூடி அதை ஆமோதித்துவிட்டால், பிறகு மேல்முறையீடு கிடையாது. உயிரோடு இருக்கிற வஸ்துவுக்குக்கூடக் காரியம் பண்ணிவிட்டுத்தான் ஓய்வோம்.

சென்ற கோடையில் எங்கள் எதிர் வீட்டில் இந்தச் சொல் ஒலித்தது. அந்த வீட்டுப் பெண் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், பாடம் கம்ப்யூட்டர்தான். பரீட்சைக்காக விடியற்காலையில் கண்விழித்துப் படித்துக் கொண்டிருந்தவளுக்குப் பாட்டி காப்பி கொண்டுவந்தார். எழுபத்தெட்டு வயது, கை சற்று நடுங்கும். டவரா மேஜை விளிம்பில் தட்டியது. அரை டம்ளர் காப்பி லாப்டாப்பின் மேல் கொட்டிவிட்டது. திரை இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது.

"போச்சு!" என்றாள் பேத்தி. "போச்சா?" என்று ஓடி வந்தார் தகப்பனார். அவர் செய்த முதல் காரியம், அணைந்துபோன யந்திரத்தின் பொத்தானை அமுக்கிப் பார்த்தது. இரண்டாவது காரியம், மறுபடியும் அமுக்கிப் பார்த்தது. மூன்றாவது காரியம் நம் தேச வழக்கம்: அரிசி டிரம்மைத் திறந்து லாப்டாப்பை அதற்குள் புதைத்தது.

இரண்டு நாள் கழித்து அரிசிக்குள்ளிருந்து அதைத் தோண்டியெடுத்துப் பெரிய கடை ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், டோக்கன், கழுத்துப்பட்டை அணிந்த பிள்ளைகள். அடி மூடியைக் கழற்றினார்கள். உள்ளே ஈரம் பட்டால் சிவக்கும்படி வெள்ளையாக ஒரு சின்ன ஒட்டுத்துணுக்கு இருக்கும். அது சிவந்திருந்தது. மூடியைப் பழையபடி மாட்டிவிட்டார்கள். "தண்ணி போயிருக்கு. போர்டு மாத்தணும். 42,000 ரூபாய் ஆகும். அதுக்குப் புதுசே வாங்கிடலாம், சார்."

"கழுவிப் பார்க்க முடியாதா?" என்று கேட்டாராம் தகப்பனார். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு, "அதெல்லாம் இங்கே செய்யறதில்லை, சார்" என்றானாம்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் எழுதும் பதில்.

லாப்டாப் போனது மட்டுமானால் நான் பேனாவை எடுத்திருக்கமாட்டேன். அன்று மாலை அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். "மாமா, பாட்டி மூணு நாளா சரியாச் சாப்பிடலை. காப்பியே வேண்டாம்னுட்டாங்க. அடுப்பங்கரையை விட்டு வெளியே வரமாட்டேங்கறாங்க" என்றாள். அவள் கண்ணில் நீர் நின்றது. அறுபது வருஷமாக அந்தக் குடும்பத்துக்குக் காப்பி கலந்து கொடுத்த கை அது. ஒரு கடைக்காரனின் தீர்ப்பு அந்தக் கையைக் குற்றவாளியாக்கிக் கூண்டில் நிறுத்திவிட்டது. 42,000 ரூபாய் என்பது அந்த அம்மாளுக்கு ஒரு தொகையாகவா பட்டிருக்கும்? தன் முதுமைக்கு எழுதப்பட்ட அபராதமாகத்தான் பட்டிருக்கும்.

அந்தப் பெண்ணை நான் அழைத்துக்கொண்டு புறப்பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நானே ஒரு கொலை செய்தவன். சில வருஷங்களுக்கு முன்பு, என்னுடைய லாப்டாப்பில் நான் தேநீரைக் கொட்டினேன். அதற்குள் ஒரு நாவலின் ஒன்பது அத்தியாயங்கள் இருந்தன. நானும் பொத்தானை அமுக்கினேன். நானும் அரிசியில் புதைத்தேன். நானும் 'போச்சு' என்றேன். அந்த ஒன்பது அத்தியாயங்களை நான் திரும்ப எழுதவேயில்லை. தேநீர்தான் கொன்றது என்று வெகுகாலம் நம்பிக் கொண்டிருந்தேன். இல்லை, நான்தான் கொன்றேன் என்பது எனக்குத் தெரியவந்தது ரிச்சி தெருவில்.

சென்னை மவுண்ட் ரோட்டை ஒட்டி இருக்கும் அந்தத் தெருவை அறியாதவர்கள் இருக்கமாட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே, ஒரு மேஜையும் ஒரு விளக்கும் ஒரு பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர். பத்தாவது வரை படித்தவராம். யந்திரத்தை வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன கொட்டுச்சு?" இரண்டாவது கேள்வி, "அதுக்கப்புறம் எத்தனை தடவை ஆன் பண்ணிப் பாத்தீங்க?"

வைத்தியர் என்றால் இவரல்லவா வைத்தியர்! பெரிய கடையில் இந்த இரண்டு கேள்வியையும் ஒருவரும் கேட்கவில்லை.

அவர் அடி மூடியைக் கழற்றி, முதலில் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்கினார். பிறகு பூதக்கண்ணாடியை என் பக்கம் திருப்பினார். போர்டின் ஒரு மூலையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. பாலும் சர்க்கரையும் பாகாகக் காய்ந்து சின்னச் சின்னச் சில்லுகளின் காலடியில் ஒட்டியிருந்தன. அவற்றின் மேல் மாவு தூவினாற்போல் அரிசித் தவிடு.

"காப்பி பாதி, கரண்டு பாதி, சார்" என்றார் அவர். அந்த ஐந்து சொற்களுக்குள் ஒரு விஞ்ஞானமே அடங்கியிருக்கிறது. அதை வாசகர்களுக்குக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அநேகமாகக் கடத்துவதில்லை. அதில் கரைந்திருக்கும் உப்புக்கள்தான் கடத்துகின்றன. காப்பியில் உப்புக்களும் அமிலமும் உண்டு, பாலில் உண்டு, நம் குழாய்த் தண்ணீரில் தாராளமாகவே உண்டு. போர்டின் மேல் மயிரிழை இடைவெளியில் ஓடும் இரண்டு செம்புக் கோடுகளுக்கு நடுவே இப்படி ஒரு ஈரப்படலம் நின்று, அப்போது மின்சாரமும் ஓடினால், ஒரு கோட்டின் உலோகம் கரைந்து மற்றதை நோக்கி நகரும். செடி கிளை விடுவதுபோல உலோகம் குறுக்கே கிளைவிட்டு இரண்டையும் இணைத்துவிடும். செம்பு பச்சையாக அரித்துப்போகும். மின்சாரம் இல்லாவிட்டால் இதே காரியம் வெகு நிதானமாக நடக்கும். மின்சாரம் இருந்தால் நிமிஷக் கணக்கில் நடக்கும். லாப்டாப்பை அணைத்துவிட்டாலும் பேட்டரி உள்ளே இருக்கிறவரை சில கோடுகளில் மின்சாரம் நின்றுகொண்டேதான் இருக்கிறது. ஆகவே, 'உயிர் இருக்கிறதா பார்க்கலாம்' என்று பொத்தானை அமுக்குகிறோமே, அது நாடி பிடித்துப் பார்ப்பதல்ல. கழுத்தைப் பிடித்து நெரிப்பது.

இப்போது அரிசி விஷயத்துக்கு வருகிறேன். அன்னலட்சுமியை நான் நிந்திப்பதாகப் பெரியவர்கள் எண்ணவேண்டாம். சோற்றுக்கு அரிசி உத்தமம். கம்ப்யூட்டருக்கு அது வைத்தியமல்ல. நம் வீட்டு டிரம்மில் கிடக்கும் அரிசியில் ஏற்கனவே நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினான்கு பங்கு ஈரம் இருக்கிறது. அது இன்னொன்றின் ஈரத்தை எவ்வளவு குடித்துவிடும்? அப்படியே குடித்தாலும் தண்ணீரைத்தானே குடிக்கும்! சர்க்கரையையும் உப்பையும் பாலாடையையும் யார் குடிப்பார்கள்? அவை உள்ளேயே நிற்கும். பின்னொரு மழை நாளில், காற்றின் ஈரம் பட்டதும் மறுபடி கசிந்து, விட்ட இடத்திலிருந்து அரிக்கத் தொடங்கும். ஆப்பிள் கம்பெனியே, நனைந்த போனை அரிசிப் பையில் போடாதீர்கள், அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கக்கூடும் என்று எழுதி வைத்திருக்கிறது. 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதைப் பெரிய செய்தியாகப் போட்டன. ஆனால் நம் வீடுகளில் அரிசி டிரம்மின் மகிமை இன்னும் குறையவில்லை.

காரணம் என்ன? அரிசியில் போடுவது சுலபம். கையில் அழுக்குப் படாது. ஏதோ செய்துவிட்டோம் என்ற திருப்தி கிடைத்துவிடும். பெரிய கடையின் 'போர்டு மாத்தணும்' என்பதும் இதே ஜாதிதான். அங்கேயும் கையில் அழுக்குப் படாது.

ரிச்சி தெரு மனிதரோ அழுக்கைத் தொட்டார். போர்டைத் தனியே கழற்றி, சின்ன அட்டைகளை எல்லாம் பிரித்து வைத்தார். சில்லுகளை மூடியிருந்த தகரத் தொப்பிகளை எடுத்தார். பிறகு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, போர்டை அதில் அமிழ்த்தி, மிருதுவான பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்க ஆரம்பித்தார்! கம்ப்யூட்டர் படிக்கிற பெண் என் பக்கத்தில் நின்று, "ஐயோ, தண்ணியிலயா!" என்று கத்திவிட்டாள்.

அது குழாய்த் தண்ணீரல்ல. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிறோமே, அந்தக் காய்ச்சி வடித்த தண்ணீர். சர்க்கரை தண்ணீரில் கரையும். ஸ்பிரிட்டில் நன்றாகக் கரையாது. ஆகவே முதலில் தண்ணீர். தண்ணீரை அப்படியே விட்டால் சில்லுகளின் அடியில் பதுங்கிக்கொள்ளும். ஆகவே அதன் பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு சுத்தமானது. அது தண்ணீரோடு கலந்து அதை இழுத்துக்கொண்டு வெளியே வந்து தானும் ஆவியாகிவிடும். மருந்துக் கடையில் எழுபது பங்கு என்று விற்கிறார்களே, அதில் மிச்சம் முப்பதும் தண்ணீர்தான். இந்தக் காரியத்துக்கு அது போதாது. இதெல்லாம் அந்த மனிதர் தேய்த்துக்கொண்டே சொன்ன பாடம். 'தண்ணியிலயா' என்று நாம் அலறுகிறோம். ஆனால் தொழிற்சாலைகளில், பற்றவைத்த பிசுக்குப் போவதற்காகப் போர்டுகளைச் சுத்தத் தண்ணீரில் கழுவி உலர்த்தும் முறை வெகுகாலமாக உண்டு. பிறந்ததும் குளிப்பாட்டப்பட்ட குழந்தைதான் அது. நாம்தான் அதற்குத் தண்ணீரே ஆகாது என்று ஜாதகம் எழுதிவிட்டோம்.

கழுவிய பிறகு இரண்டு நாள் நிழலில், மின்விசிறிக் காற்றில் வைத்தார். வெயிலில் அல்ல. கூந்தல் உலர்த்தும் யந்திரத்தைக் காட்டவும் இல்லை. அந்தச் சூடு பிளாஸ்டிக்கை இளக்கும், காற்றின் வேகம் ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும் என்றார். மூன்றாம் நாள் போர்டில் எல்லாவற்றையும் பூட்டி, பேட்டரியை இணைத்துப் பொத்தானை அமுக்கினார். திரை ஒளிர்ந்தது. எழுத்துப் பலகை மட்டும் பிழைக்கவில்லை, புதிதாக மாற்றினார். ஓரத்துச் சொருகுவாய் ஒன்றும் வேலை செய்யவில்லை. எல்லாம் சேர்த்து 3,800 ரூபாய். "கேரண்டி தரமாட்டேன், சார். அஞ்சு நாள் கழிச்சுக் கொண்டாந்தீங்க. அன்னிக்கே வந்திருந்தா கீபோர்டோட முடிஞ்சிருக்கும்" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

பெரிய கடையின் சார்பில் வக்கீல் ஒருவர் எழுந்து நிற்பது என் கண்ணுக்குத் தெரிகிறது. அவர் வாதத்தையும் கேட்போம். 'கழுவிக் கொடுத்தது ஆறு மாதத்தில் மறுபடி கெட்டுவிட்டால் பழி யார் மேல்? ஒரு போர்டைக் கழுவ அரை நாள் ஆகும். அந்தக் கூலியை யார் கொடுப்பார்கள்? பேட்டரி நனைந்திருந்து தீப்பிடித்தால் என்ன செய்வது?' என்று அவர் கேட்பார்.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. நனைந்ததெல்லாம் பிழைக்கும் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். திரையின் அடுக்குகளுக்கு நடுவே நீர் புகுந்தால் கறை நிற்கும். உப்பி வீங்கிய லித்தியம் பேட்டரியைத் தொடவே கூடாது. மேஜைக் கம்ப்யூட்டரின் மின்சாரப் பெட்டி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தனக்குள் அபாயகரமான மின்சாரத்தை வைத்திருக்கும். வீட்டில் அதைத் திறக்கலாகாது. ஹார்டு டிஸ்க்கைத் தண்ணீரில் அமிழ்த்தலாகாது. அநேக டிஸ்க்குகளில் மூச்சு விடுவதற்கென்று ஒரு நுண்துளை உண்டு. ஸ்பிரிட் தீப்பற்றும் சரக்கு. இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, 'கழுவிப் பார்க்க இவ்வளவு ஆகும், பிழைத்தால் பிழைக்கும்' என்று வாடிக்கைக்காரரிடம் கேட்டிருந்தால், அந்தக் கடைக்கு நான் கும்பிடு போட்டிருப்பேன். முடியுமா முடியாதா என்று பார்த்துச் சொல்வது தொழில். சிவந்த ஒட்டுத்துணுக்கைப் பார்த்ததும் மூடியை மாட்டிவிடுவது தொழிலல்ல, வியாபாரம்.

2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது சென்னையில் இருந்தவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. வெள்ளம் வடிந்த தெருக்களில், மெத்தைகளோடும் புத்தகங்களோடும் கம்ப்யூட்டர்களும் குப்பையாகக் குவிந்து கிடந்தன. அப்போது எனக்குத் தெரியாத ஒரு விஷயம் இப்போது தெரிகிறது. வெள்ளம் வந்த இடங்களில் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். அப்படியானால், அந்த மேஜைக் கம்ப்யூட்டர்களில் எத்தனையோ, மின்சாரம் ஓடாத நிலையில் முழுகியவை. பிழைப்பதற்கு அதிக வாய்ப்பு உள்ளவை அவைதான்! சேற்றைக் கழுவி உலர்த்தியிருந்தால் அவற்றில் பல கண்விழித்திருக்கும். சில வீடுகளில் கழுவாமல் குப்பையில் போட்டார்கள். சில வீடுகளில், வெளியே காய்ந்திருக்கிறதே என்று நம்பி, மின்சாரம் வந்த அன்றே பிளக்கைச் சொருகினார்கள். இரண்டும் ஒன்றுதான்.

அவற்றுக்குள் கல்யாணப் படங்கள் இருந்தன. செத்துப்போனவர்களின் குரல் இருந்தது. 2003-ல் கொலம்பியா விண்கலம் வானத்திலேயே சிதறி விழுந்தது. அதன் இடிபாடுகளில் கருகிக் கிடந்த ஒரு ஹார்டு டிஸ்க்கின் தட்டுகளை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து, அதிலிருந்த விஞ்ஞானச் சோதனை விவரங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை மீட்டார்கள். ஆகாயத்திலிருந்து விழுந்து கருகியதையே அங்கே ஒருவர் 'போச்சு' என்று சொல்லவில்லை. நாம் அரை டம்ளர் காப்பிக்குச் சொல்லிவிடுகிறோம்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பையைக் கொட்டியிருக்கிறது என்கிறது ஐக்கிய நாடுகள் சபை அமைப்புக்களின் அறிக்கை. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22 பங்கு சொச்சம்தான். மிச்சத்தில் எவ்வளவோ, ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு பையனின் வெறுங்கையில்தான் போய்ச் சேருகிறது. அவன் அதை எரித்துச் செம்பு எடுக்கிறான், புகையைக் குடிக்கிறான். நம் கை அழுக்காகக் கூடாது என்று நாம் வீசியதைத்தான் அவன் சுவாசிக்கிறான்.

நான் சண்டை போடுவது கடைக்காரரோடு மட்டும் அல்ல. நம்மோடு. இந்த நாட்டில் கழுவுவதை நெடுங்காலமாகக் கீழான வேலை என்று ஒதுக்கி வைத்தோம். பாத்திரம் கழுவுகிறவளை வீட்டுக்குப் பின்புறமாக வரச் சொன்னோம். சாக்கடை கழுவுகிறவனைத் தெருவுக்கு வெளியே நிறுத்தினோம். அதன் பலனை இப்போது அனுபவிக்கிறோம். எதையும் கழுவத் தெரியாத ஒரு படித்த வர்க்கம் உருவாகிவிட்டது. நான் கல்லூரியை நடுவில் விட்டவன். எனக்குத் தெரியாததில் ஆச்சரியமில்லை. ஆனால் மூன்று வருஷம் கம்ப்யூட்டரைப் படித்த பெண்ணுக்கு, அதன் மேல் காப்பி கொட்டினால் முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்று ஒரு வாத்தியாரும் சொல்லித் தரவில்லையே! அது பரீட்சைக்கு வராது என்றா? அல்லது அது மாடிப்படிக்குக் கீழே உட்காருகிறவன் வேலை என்றா?

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு நாள் கொட்டும். மனிதர்கள் வாழ்கிற வீடுகளில் கொட்டத்தான் செய்யும். அப்போது செய்யவேண்டியது கொஞ்சம்தான். கம்பியைப் பிடுங்குங்கள். பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். லாப்டாப்பை விரித்துக் கூடாரம்போலக் கவிழ்த்து வையுங்கள். நீர் வந்த வழியே வடியட்டும். பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். முடியாவிட்டால் அன்றைக்கே - மறுநாள் அல்ல - கழுவத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள். 'உயிர் இருக்கிறதா' என்று மட்டும் அமுக்கிப் பார்க்காதீர்கள். அரிசி, அடுப்பங்கரையில் இருக்கட்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்பாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கொட்டியவரின் முகத்தைப் பாருங்கள்.

லாப்டாப்பைத் திருப்பிக் கொண்டுவந்த அன்று மாலை நானும் எதிர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தி அதைத் திறந்து, பாட்டியின் முன்னால் வைத்து, "பாருங்க பாட்டி, எரியுது" என்றாள். பாட்டி அதைத் தொடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த வெளிச்சத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "காப்பி சாப்பிடறேளா?" என்று கேட்டார்.

சாப்பிட்டேன். டம்ளர் விளிம்பில் அந்தக் கை அன்றும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.